அடி, நடு, நுனி

"அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு, அது என்ன?"

சம்சாரி வீட்டுப் பிள்ளை சட்டென்று சோளம் என்று சொல்லிவிடும். அறுவடையைப் பார்த்திருந்தால் போதும். தூர்க்கட்டை புஞ்சையிலேயே நின்று, அடுத்த உழவில் மண்ணோடு மக்கும். தட்டை கட்டுக்கட்டாகப் படப்பில் ஏறி, கோடையில் மாட்டுக்குத் தீவனமாகும். கதிர் களத்தில் அடிபட்டு, தானியமாகக் குலுக்கைக்குள் போகும். வயல்காட்டு ஊர்களில் இதற்கே நெல் என்பார்கள், அதுவும் சரிதான். ஒரு பயிரில் எதுவும் வீண்போகாத வேளாண்மை முழுவதும் மூன்று துண்டு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையிலிருந்து ராஜபாளையம் வரை எந்தச் சம்சாரி வீட்டுக்கும் இந்தக் கணக்கு அன்றாடச் சங்கதி.

விடுகதை வேலை செய்யும் விதம் எளிது. பொருளை உற்றுப் பார்த்து, பெயரை மறைத்து, அதன் குணத்தை மட்டும் சொல்வது ஒரு வகை, சோளம் அப்படி. வேறொன்றாகக் காட்டி, நடுவில் ஒரு முரணை வைப்பது இன்னொன்று. முட்டையை ஒரே பாத்திரத்தில் இருக்கும் இரண்டு எண்ணெய் என்பார்கள். எண்ணெயும் எண்ணெயும் சேர்ந்தால் கலந்துவிடுமே என்று கேட்பவர் திகைக்கும் இடம்தான் முடிச்சு.

தொல்காப்பியச் செய்யுளியல் விடுகதையைப் 'பிசி' என்று குறித்து, உவமையால் அமைவது, தோன்றுவதைச் சொல்லி அமைவது என இரண்டாகப் பிரிக்கிறது. 1963இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ராபர்ட் ஜார்ஜஸும் ஆலன் டண்டிஸும் உலக விடுகதைகளை முரண் உள்ளவை, இல்லாதவை என்று வகுத்தார்கள். தொல்காப்பியர் அவ்வளவு முன்பே இந்தத் துறைக்குள் நுழைந்திருப்பது எனக்குப் பெரும் பெருமிதம்.

பெருமிதத்தோடு நின்றால் போதாது, விடுகதைகளைச் சேகரிக்கவும் வேண்டும். அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நாட்டார் வழக்குகளை நோட்டில் எழுதினார்கள். விடுகதைகளும் அதில் உண்டு. நம் பள்ளிகளிலும் இது நடக்க வேண்டும், அதுவும் சீக்கிரம். கமலையில் நீர் இறைத்தவர்களும் உலக்கை பிடித்தவர்களும் முதுமையில் இருக்கிறார்கள். கமலையைப் பார்க்காத பேரனுக்குக் கமலை பற்றிய விடுகதையின் விடையைச் சொன்னாலும் முடிச்சு அவிழாது. ஆகவே எழுதும் பிள்ளைகள் விடையோடு நிறுத்தாமல், அந்தப் பொருள் எப்படி இருந்தது, யார் கையாண்டார்கள், என்ன வேலைக்கு உதவியது என்பதையும் ஆச்சியிடம் கேட்டுக் கீழே எழுத வேண்டும். முடிந்தால் ஒரு படமும் வரைய வேண்டும்.