கண்ணைக் கட்டும் சொல்

ஆங்கிலத்தில் ‘ஹூட்விங்க்’ என்றொரு வினைச்சொல் உண்டு. ‘ஏமாற்றுதல்’ என்று அகராதி பொருள் கூறும். ஆயினும் ஏமாற்றுதலைக் குறிக்கும் பல சொற்களுள் இதற்குத் தனி இடம் உண்டு. அதனை நம் வேலூர், ஆம்பூர்ப் பகுதியின் தோல் தொழிலைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

‘ஹூட்’ என்பது முக்காடு. ‘விங்க்’ என்பது இன்று கண்சிமிட்டுதலைக் குறிக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் கண்ணை மூடுதலையும் குறித்தது. ஆகவே கண்ணைக் கட்டுதலே இச்சொல்லின் முதற்பொருள். அறிவுக் கண்ணைக் கட்டுதல் பின்னர் வந்த பொருள். ‘கண்ணில் மண்ணைத் தூவுதல்’ என்னும் நம் வழக்கு இதற்கு நெருங்கிய உறவு.

‘மிஸ்லீட்’ என்ற சொல்லோ வேறு. தவறான வழியில் செலுத்துதல் என்பது அதன் பொருள். அச்செயல் அறியாமலும் நிகழலாம். பிழையாக நட்ட கைகாட்டி வழிப்போக்கனை ‘மிஸ்லீட்’ செய்யும்; ‘ஹூட்விங்க்’ செய்யாது. மரப்பலகைக்கு உள்நோக்கம் ஏது?

இனித் தோலுக்கு வருவோம். தடித்த மாட்டுத்தோலை இயந்திரத்தால் இரு படலமாகப் பிளப்பர். மேற்படலத்தில் இயற்கையான மயிர்க்கண்கள் தெரியும். அடிப்படலத்தில் அவை இரா. அடிப்படலத்தின்மேல் செயற்கைப் பூச்சு இட்டுச் சூடான அச்சுத் தகட்டால் அழுத்தினால், மேற்படலத்தைப் போன்ற வரிகள் தோன்றிவிடும். இது வஞ்சனையா? அன்று, தொழில் நுட்பம். மேற்படலம் என்று அறிந்தே பொய் கூறி ஒருவர் அதனை விற்றால், அங்கேதான் ‘ஹூட்விங்க்’ நுழைகிறது.

ஆம்பூரில் தைத்த காலணிகள் ஐரோப்பியச் சந்தைக்கும் செல்கின்றன. அங்கே 1994இல் ஓர் ஆணை பிறந்தது. காலணியின் முக்கியப் பகுதிகள் எப்பொருளால் ஆனவை என்பதை அதன்மேல் குறிக்க வேண்டும். தோலின் மேற்பூச்சு 0.15 மில்லிமீட்டருக்கு மிகுந்து, மொத்தக் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாதிருந்தால், அது ‘பூச்சிட்ட தோல்’ எனத் தனிக் குறி பெறும். பூச்சிடுவதற்குத் தடை இல்லை. அதை மறைக்கத்தான் தடை.

நாளை உங்களுள் சிலர் இத்தொழிலில் ஆங்கிலக் கடிதம் எழுதுவீர்கள். குறி மாறிப்போன சரக்கைப் பற்றி முறையிடும்போது, பிழை கைதவறி நேர்ந்ததா, கருதிச் செய்ததா என்று முதலில் ஆராயுங்கள். கைதவறியவரை ‘ஹூட்விங்க்’ செய்தார் என்றெழுதினால் குற்றமற்றவர் பழி சுமப்பார். கருதிச் செய்தவரை ‘மிஸ்லீட்’ என்று மட்டும் எழுதினால் வஞ்சகர் தப்பிவிடுவார். ஒரு சொல்லின் தேர்விலேயே ஒருவருடைய மானம் அடங்கியிருக்கிறது.