சொல்லாமல் கெடும் நாடா

பீரோவின் அடித்தட்டில் இரண்டு ஒலிநாடாக்கள் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, 1965-இல் தாத்தா ஸ்பூல் டேப்பில் பதிந்த கல்யாணக் கச்சேரி. மற்றது, 1995-இல் மாமா சின்ன டிஜிட்டல் கேசட்டில் பதிந்த மார்கழிக் கச்சேரி. இன்றைக்கு எது பாடும்? புதியதுதான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் நம்பிக்கையோடு எடுத்துப் போடக்கூடியது பெரும்பாலும் பழையதே. இரைச்சல் இருக்கும், குரல் கொஞ்சம் மங்கியிருக்கும், ஆனாலும் பாடும். டிஜிட்டல் கேசட்டுக்கு மங்கத் தெரியாது. துல்லியமாகப் பாடிக்கொண்டே வந்து, திடீரென்று வாயை மூடிக்கொள்ளும்.

அந்தச் சின்னக் கேசட்டின் பெயர் டாட். டிஜிட்டல் ஆடியோ டேப் என்பதன் சுருக்கம். 1987-இல் சோனி ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சீட்டுக்கட்டை விடச் சிறியது. 60 மீட்டர் நாடாவில் 2 மணி நேரம் பதியலாம். ஒலியை வினாடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதிவைக்கும். சிடியில்கூட 44,100 முறைதான்.

இவ்வளவு நல்ல பிரதி எடுக்கும் கருவி என்றதும் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. சிபிஎஸ் நிறுவனம் ஒரு யோசனை சொன்னது: பாட்டிலிருந்து 3,838 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு மெல்லிய கீற்றை வெட்டி எடுத்துவிடுவது, அந்த ஓட்டையைக் கண்டால் இயந்திரம் பதிய மறுத்துவிடும். அது பியானோவின் மேல்கோடிக் கட்டைகள் ஒலிக்கும் இடம். பாட்டைக் காப்பாற்றப் பாட்டிலேயே ஓட்டை போடும் யோசனை! அமெரிக்க அரசின் தர ஆய்வகம் 1988-இல் சோதித்துப் பார்த்து, இசையின் தரம் கெடுகிறது, ஏமாற்றுவதும் எளிது என்று நிராகரித்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே சிபிஎஸ் ரெக்கார்ட்ஸைச் சோனி விலைக்கு வாங்கிவிட்டது என்பது தனி வேடிக்கை. கடைசியில் 1992-இல் ஒரு சட்டம் வந்தது. வீட்டு இயந்திரங்களில் பிரதியின் பிரதியைத் தடுக்கும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. அதற்குள் பொதுமக்களின் ஆர்வம் வடிந்திருந்தது. ஒலிப்பதிவுக் கூடங்களும், வானொலிக்காரர்களும், கச்சேரி பதிவதே தவமாக இருந்தவர்களும் மட்டும் டாட்டை விடவில்லை. அதனால்தான் இன்று மிஞ்சியிருக்கும் டாட் கேசட்டுகளில் பல, வேறெங்கும் பிரதி இல்லாத மூலப் பதிவுகள்.

உள்ளே நடப்பது அபாரமான பொறியியல். நாடா நகர்வது வினாடிக்கு 8.15 மில்லிமீட்டர்தான், நத்தை வேகம். அந்த வேகத்தில் இத்தனை எண்களை எழுத முடியாது. ஆகவே நாடா மெதுவாகப் போகட்டும், எழுதும் ஹெட் ஓடட்டும் என்று முடிவு செய்தார்கள். வீடியோ டெக்கில் இருப்பது போன்ற, 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் ஒன்று நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும். அதில் பொருத்திய இரண்டு ஹெட்டுகள் மாறி மாறி நாடாவில் சாய்வான கோடுகளாக எழுதிக்கொண்டே போகும். ஒரு கோட்டின் அகலம் சுமார் 13.6 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிப்புக்குள் நாலைந்து கோடுகள் அடங்கிவிடும்.

இந்த நுணுக்கத்தில் ஒரு தூசி விழுந்தால் என்ன ஆகும்? அதற்கும் வழி வைத்தார்கள். இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் 1960-இல் வெளியிட்ட பிழைதிருத்தக் கணக்கு அது. டீக்கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடின் ஓரம் கிழிந்திருந்தாலும் பணம் போய்ச் சேருகிறதே, அதே கணக்குதான். எண்களோடு கூடுதல் எண்களைச் சேர்த்து எழுதிவைத்தால், சில அழிந்தாலும் மீதியை வைத்து அழிந்ததைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம்.

டாட் இன்னொரு படி மேலே போனது. இடது பக்க ஒலியின் ஒற்றைப்படை அளவுகளை ஒரு கோட்டிலும் இரட்டைப்படை அளவுகளை அடுத்த கோட்டிலும் பிரித்து எழுதியது; வலது பக்கத்துக்கு இதைத் தலைகீழாகச் செய்தது. ஒரு ஹெட்டில் அழுக்கு அடைத்துக்கொண்டு பாதிக் கோடுகள் படிக்கப்படாமல் போனாலும், ஒவ்வோர் அளவுக்கும் இரண்டு பக்கத்து அண்டை வீட்டார் தப்பித்திருப்பார்கள். இயந்திரம் அவர்களின் சராசரியை நடுவில் வைத்து ஒப்பேற்றிவிடும். காது பெரும்பாலும் கண்டுபிடிக்காது.

சிக்கலும் இங்கேதான். திருத்தியதற்கும் ஒப்பேற்றியதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவது, பதிந்த எண்ணையே அப்படியே மீட்பது. இரண்டாவது, ஊகம். கணினிக்குப் போகும் டிஜிட்டல் கம்பியில் இரண்டும் கலந்தே வரும். இப்படி மாற்றிய கோப்பு பார்க்கப் பத்தரைமாற்றுத் தங்கமாக இருக்கும். பாதி அளவுகள் கற்பனையாகக்கூட இருக்கலாம். சில தொழில்முறை இயந்திரங்களில் பிழை எண்ணிக்கையைத் திரையில் பார்க்கும் வசதி உண்டு. அதைப் பார்க்காமல் காதை மட்டும் நம்பி டாட் மாற்றுவதை நான் வேலையாகவே கணக்கில் எடுக்கமாட்டேன்.

மாற்றும் வேலையில் அவசரம் ஆகாது. ஏசி அறையிலிருந்தோ ஈரமான மூலையிலிருந்தோ எடுத்த கேசட்டை அறைச் சூட்டுக்கு வரும்வரை வைத்திருக்க வேண்டும். டிரம்மில் ஈரம் பூத்தால் நாடா ஒட்டிக்கொள்ளும். பிறகு கடைசிவரை ஒருமுறை ஓடவிட்டுத் திரும்பச் சுற்ற வேண்டும். ஹெட்டைக் காது குடையும் பஞ்சால் துடைக்கவே கூடாது. அதன் இழை மாட்டினால் ஹெட் போய்விடும். அதற்கென்று உள்ள மென்தோல் குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிடித்துக்கொண்டு, டிரம்மை மெல்லச் சுழற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்க்கக் கூடாது.

ஒலியை அனலாக் ஓட்டை வழியாக எடுக்காமல் டிஜிட்டல் ஓட்டை வழியாக எடுத்தால்தான் எண்கள் எண்களாகவே வரும். அப்போது கணினியின் சவுண்டு கார்டு தன் கடிகாரத்தை விட்டுவிட்டு, டாட் இயந்திரத்தின் கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டும். இரண்டும் தனித்தனித் தாளத்தில் ஓடினால் கோப்பில் அங்கங்கே 'டிக் டிக்' விழும். நாடா 48,000-இல் இருந்தால் கோப்பும் 48,000-இல் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 690 மெகாபைட் ஆகும். இன்றைய பென்டிரைவுக்கு அது ஒரு சுமையா?

குறுக்கு வழியும் ஒன்று உண்டு. 1989-இல் சோனியும் எச்பியும் இதே கேசட்டைக் கணினித் தரவு சேமிக்கும் டிடிஎஸ் நாடாவாக மாற்றின. அந்த டிரைவுகளில் சில, சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளுக்காகத் தனி உள்மென்பொருளோடு வந்தவை, ஒலி நாடாவையும் படிக்கும். அதுவும் பாடும் வேகத்தை விட விரைவாக. பதிந்தவர் தன் இயந்திரத்தில் கடிகாரத்தைச் சரியாக வைத்திருந்தால், பாட்டோடு தேதியும் மணியும்கூட நாடாவில் எழுதப்பட்டிருக்கும். அதையும் இவற்றால் எடுத்துவிடலாம். எல்லா டிடிஎஸ் டிரைவும் இதைச் செய்யாது என்பதை வாங்கும் முன் நினைவில் வையுங்கள்.

இயந்திரம்தான் பெரிய கவலை. டாட் கருவிகள் தயாரிப்பதைச் சோனி 2005-இல் நிறுத்திவிட்டது. மிஞ்சியவற்றில் ரப்பர் உருளைகள் இறுகிவிட்டன, கிரீஸ் பிசினாகிவிட்டது, ஹெட்டுகள் தேய்ந்துவிட்டன. உதிரி பாகம் வேண்டுமென்றால் இன்னொரு பழைய இயந்திரத்தைப் பிரிக்க வேண்டும். கோடுகள் இவ்வளவு மெல்லியவை என்பதால், சற்றே கோணலான இயந்திரத்தில் பதிந்த நாடா நேரான இயந்திரத்தில் திக்கும். பதிந்த அதே இயந்திரத்தில் போட்டால் தடையின்றிப் பாடிவிடுவதும் உண்டு.

ஆகவே உங்களிடம் டாட் இருந்தால், மாற்றித் தருபவரிடம் கேசட்டை மட்டும் நீட்டாதீர்கள். எந்த இயந்திரத்தில் பதிந்தது என்று மாமாவிடம் இப்போதே கேட்டு, உறையின் மேல் எழுதிக் கொடுங்கள். அந்த இயந்திரம் இன்னும் பரணில் கிடக்கிறது என்றால், பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.