ஊரின் பெயரும் உணவின் சுவையும்: பினாங்கு கற்றுத்தரும் சுற்றுலாப் பாடம்

துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். மாம்பழத்தை முகர்ந்து பார்த்து வாங்கலாம். ஓர் ஊரை அவ்வாறு சோதித்துப் பார்த்து வாங்க இயலாது. பயணச்சீட்டுக்கும் விடுதிக்கும் பணம் செலுத்திய பிறகுதான் பயணி அந்த மண்ணில் கால் வைக்கிறார். காணாத ஒன்றை நம்பிப் பணம் செலவிட அவரை இணங்கவைப்பதே சுற்றுலா விளம்பரத்தின் முதற்பணி. அதற்கு இன்று மூன்று கருவிகள் பயன்படுகின்றன. அவை வணிக முத்திரை, சமூக ஊடகம், உணவு ஆகியனவாகும். இம்மூன்றும் எவ்வாறு இயங்குகின்றன என்பதையும், அவற்றால் ஓர் ஊர் பெறுவதும் இழப்பதும் யாவை என்பதையும் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

முத்திரை என்னும் வாக்குறுதி

முத்திரை என்பது சின்னமும் முழக்கமும் மட்டுமன்று. ‘இங்கு வந்தால் இதனைப் பெறுவீர்’ என்று ஓர் ஊர் அளிக்கும் வாக்குறுதியாகும். 1999ஆம் ஆண்டு மலேசியா ‘ட்ரூலி ஏசியா’ என்னும் முழக்கத்துடன் உலகை அழைத்தது. ஆசியாவின் பல இனங்களையும் பண்பாடுகளையும் ஒரே நாட்டில் காணலாம் என்பது அதன் உட்பொருள். சிங்கப்பூர் 2004ஆம் ஆண்டில் தன் தனித்தன்மையையும், 2017ஆம் ஆண்டில் தன் மக்களின் வேட்கையையும் முன்னிறுத்தி முழக்கங்களை அமைத்துக்கொண்டது. நாட்டின் முழக்கம் எல்லாரையும் உள்ளடக்க வேண்டியிருப்பதால் பொதுவாகவே அமையும். ஊரின் முத்திரையோ பிற ஊரில் கிடைக்காத ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

ஜார்ஜ்டவுனுக்கு அத்தகைய முத்திரை 2008ஆம் ஆண்டு ஜூலையில் கிடைத்தது. யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் இணைத்து உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. இது தன்னைத் தானே புகழும் விளம்பரமன்று. பிறர் அளித்த சான்று. அச்சான்றுக்கு அடிப்படையாக அமைந்தவற்றுள் பழைய கட்டடங்களோடு பல சமயத்தவரும் அடுத்தடுத்து வாழ்ந்த வாழ்வும் அடங்கும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், மகா மாரியம்மன் ஆலயம், குவான் இன் ஆலயம், செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் ஆகிய நான்கையும் சில நிமிட நடையில் அங்கே கண்டுவிடலாம்.

கைப்பேசி செய்த மாற்றம்

முன்பு ஊரைப் பற்றிப் பேசும் பொறுப்பு பெரும்பாலும் சுற்றுலா வாரியத்திடமும் நாளிதழ்களிடமும் இருந்தது. இப்போது அங்கு வந்து செல்லும் ஒவ்வொருவரும் அவ்வூரின் விளம்பரதாரராகிவிடுகிறார். 2012ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் விழாவுக்காக, லித்துவேனியாவில் பிறந்த எர்னஸ்ட் ஸகாரெவிச் என்னும் ஓவியர் ஆர்மினியன் தெருவில் ஒரு சுவரோவியம் தீட்டினார். உண்மையான பழைய மிதிவண்டி ஒன்றைச் சுவரில் பொருத்தி, அதன்மேல் இரு குழந்தைகள் அமர்ந்திருப்பதுபோல் வரைந்தார். பார்ப்பவரும் அம்மிதிவண்டியைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்ள முடிந்ததால் ஓவியம் வேகமாகப் பரவியது. அங்கே படம் எடுப்பதற்காகப் பயணிகள் வரிசையில் நிற்கும் நிலை உண்டாயிற்று.

சமூக ஊடகத்தின் இயல்பை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது. கண்ணைக் கவர்வதையே அது முதலில் தேர்ந்தெடுக்கிறது. பலர் விரும்பியதை இன்னும் பலருக்குக் காட்டுகிறது. அதனால் ஒரு சுவரிலும் ஒரு கடையிலும் கூட்டம் குவிய, பக்கத்துத் தெரு வெறிச்சோடிக் கிடக்கலாம். புகழ் பெருகுவது உண்மை. அது சமமாகப் பகிரப்படுவதில்லை என்பதும் உண்மை.

தட்டில் இருக்கும் வரலாறு

உணவு இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. கோட்டையை ஒருமுறை பார்த்தால் போதும். பசியோ நாளுக்கு மூன்று முறை வருகிறது. அங்காடி உணவுக்குச் செலவிடும் பணம் சிறு வணிகர்களின் கைக்கு நேரே சென்று சேர்கிறது. பினாங்கின் அசாம் லக்சா, சார் குவே தியாவ், நாசி கண்டார் ஆகியவற்றை உண்பதற்கென்றே பயணம் மேற்கொள்வோர் உளர். 2022ஆம் ஆண்டு டிசம்பரில் கோலாலம்பூருக்கும் பினாங்கிற்குமான முதல் மிச்சலின் வழிகாட்டி வெளிவந்தபோது, மிதமான விலையில் நல்லுணவு தரும் கடைகளின் பட்டியலில் பினாங்கின் அங்காடிக் கடைகள் பல இடம்பெற்றன.

இவற்றுள் நாசி கண்டார் தமிழ் மாணவர்கள் சிறப்பாக அறிய வேண்டியது. ‘நாசி’ என்பது சோறு. ‘கண்டார்’ என்பது தோளில் வைத்துச் சுமை தூக்கும் தடியைக் குறிக்கும். நம் வழக்கில் காவடி, காவுதடி என்பவற்றை ஒத்தது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தடியின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறியையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்று வந்தனர். தடி மறைந்து கடை தோன்றியபின்னும் பெயர் மாறவில்லை. 1907ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் குறிப்பிடும் கடை ஒன்று கேம்பல் தெருவில் இன்றும் இயங்குகிறது. இவ்வணிகர்களைக் குறிக்கும் ‘மாமாக்’ என்னும் சொல்லும் ‘மாமா’ என்னும் நம் உறவுச்சொல்லிலிருந்து பிறந்ததாகக் கருதப்படுகிறது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாசி கண்டாரின் சுவை, பல குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சோற்றில் ஊற்றுவதில் இருக்கிறது. கடையில் இதனை ‘பஞ்சிர்’, அதாவது வெள்ளம், என்று கேட்டு வாங்குவர். படத்தில் பார்த்தால் அது பழுப்பு நிறக் குழம்பில் மூழ்கிய சோறு, அவ்வளவுதான். மீன் குழம்பின் புளிப்பும் கோழிக் குழம்பின் காரமும் ஒன்றோடொன்று கலப்பதைப் படக்கருவி காட்டாது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் பசியையும் அது காட்டாது. இவற்றைச் சொல்ல மொழி வேண்டும்.

புகழின் விலை

புகழ் வரும்போது வாடகையும் ஏறுகிறது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் பலவற்றை நெடுங்காலம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காத்து வந்தது. 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அப்பாதுகாப்பு நீங்கியபின் குடியிருந்தோர் பலர் வெளியேறினர். உலக மரபுடைமைத் தகுதி கிடைத்ததும் சொத்து மதிப்பு உயர, பல வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. கட்டடங்கள் அழகு பெற்றன; அவற்றுக்கு உயிர் கொடுத்த அண்டை வீட்டார் குறைந்தனர்.

உணவுக்கும் இதே கேள்வி உண்டு. அங்காடி வணிகர்கள் முதுமையடைகின்றனர். விடியற்காலையில் அடுப்பு மூட்டும் தொழிலை அவர்தம் மக்கள் பலர் விரும்புவதில்லை. பினாங்கு மாநில அரசு, அங்காடிகளில் வெளிநாட்டவர் தலைமைச் சமையல்காரராக இருக்கக் கூடாது என்னும் விதியை 2014ஆம் ஆண்டு முன்மொழிந்து 2016ஆம் ஆண்டு நடைமுறைப்படுத்தியது. சுவையைக் காக்க இது தேவை என்றனர் சிலர். கைப்பக்குவம் பிறப்பால் வருவதன்று, பயிற்சியால் வருவது என்றனர் வேறு சிலர். எவ்வாறாயினும், யார் சமைக்கக் கூடாது என்று சட்டம் சொல்லலாம்; யார் சமைக்க முன்வருவார் என்பதை அது தீர்மானிக்க இயலாது. அத்தொழிலில் மதிப்பும் போதிய வருவாயும் இருந்தால்தான் அடுத்த தலைமுறை கரண்டியைக் கையில் எடுக்கும்.

ஆகவே, சுற்றுலா விளம்பரத்தின் வெற்றியை வந்தோர் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் போதாது. வாக்குறுதி அளிப்பது முத்திரை. அதனைப் பரப்புவது ஊடகம். நிறைவேற்றுவதோ அந்த ஊரில் வாழும் மனிதர்கள். அவர்கள் அங்கே தொடர்ந்து வாழவும் தொழில் செய்யவும் முடிகிறதா என்பதே சரியான அளவுகோல்.

வகுப்பறையில் செய்யக்கூடியது

2020ஆம் ஆண்டு சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடும் 2024ஆம் ஆண்டு மலேசியாவின் காலைச் சிற்றுண்டிப் பண்பாடும் யுனெஸ்கோவின் தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தன. இவை மாணவர்கள் நாள்தோறும் உண்ணும் உணவைப் பற்றியவை. ஆதலின் ஆய்வுக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆசிரியர்கள் மாணவர்களை அருகிலுள்ள அங்காடிக்கு அனுப்பி, ஓர் உணவைத் தேர்ந்தெடுத்து நான்கு வினாக்களுக்கு விடை தேடச் சொல்லலாம். இவ்வுணவின் பெயருக்குப் பொருள் என்ன? இதனை இங்குக் கொண்டுவந்தவர் யார், யாருக்காக? இன்று இதனைச் சமைப்பவர் எவ்வாறு கற்றுக்கொண்டார்? அவருக்குப் பின் யார் சமைப்பார்?

விடைகளைத் தெளிந்த தமிழில் ஒரு பத்தியாக எழுதி, தாம் எடுத்த படத்தின்கீழ் மாணவர் வெளியிடட்டும். ‘மிகவும் சுவையாக இருந்தது’ என்று எழுதுவதை விட்டு, எது சுவை, ஏன் சுவை என்று எழுதப் பழகட்டும். கடைக்காரரின் இசைவைக் கேட்டுப் படம் எடுக்கும் பண்பையும் இதனோடு கற்கட்டும். நான்காம் வினாவுக்குச் சில கடைகளில் விடை கிடைக்காது. கடைக்காரர் சிரித்துவிட்டு அடுத்த தட்டைப் பரிமாறப் போய்விடுவார். மாணவர் அதனையும் அவ்வாறே எழுதிவைக்க வேண்டும். அந்த அடுப்பு அணைந்துவிட்டால், பின்வருவோர்க்கு எஞ்சுவது அந்த எழுத்தாகவே இருக்கக்கூடும்.