படத்தில் இருப்பவர் பெயர் என்ன?

ஊவாவில் பழைய குடும்பம் எதுவானாலும் ஒரு பழைய புகைப்படமாவது வைத்திருக்கும். லயத்து வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்கும். பதுளை பஸார் வீடுகளில் அலுமாரிக்குள், காணி உறுதிகளோடு சேர்ந்து கிடக்கும். இது யார் என்று கேட்டால், "பாட்டன்னு சொல்லுவாங்க சேர்" என்பதோடு பதில் முடிந்துவிடும். அதற்கு அப்பாலும் போக முடியும். உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு சில வருடங்களாக இந்த வேலையைச் செய்து வருகிறேன். அதில் கண்ட வழிகளை இங்கே சொல்கிறேன்.

பெயர் ஏன் தொலைந்தது என்பதை முதலில் பார்ப்போம். இங்கிலாந்தில் டெனிசன், டார்வின் போன்றோரைப் படமெடுத்துப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். கோல்புறூக் - கமரன் ஆணைக்குழு என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அந்தக் கமரனின் மனைவி இவர். கணவருக்கு மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறையில் இருந்த காலத்தில் உள்ளூர்வாசிகளையும் தமிழ்த் தொழிலாளர்களையும் அவர் படமெடுத்தார். 1879இல் டிக்கோயாவில் காலமானார், அடக்கப்பட்டது பொகவந்தலாவையில். அவருடைய கல்லறை எங்கே என்று நமக்குத் தெரியும். இங்கிலாந்தில் அவர் படமெடுத்த வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயர்கூடத் தெரியும். ஆனால் இலங்கையில் அவர் எடுத்த படங்களில் இருப்பவர்களோ பெரும்பாலும் பெயரில்லாமல், 'களுத்துறைக் குடியானவர்கள்' என்ற மாதிரித் தலைப்புகளோடுதான் அருங்காட்சியகங்களில் இருக்கிறார்கள். பின்னால் வந்த தபாலட்டைக் கம்பனிகளும் அப்படித்தான். கொழுந்து பறிக்கும் பெண் அவர்களுக்கு ஒரு 'மாதிரி'. அவளுக்குப் பெயர் தேவைப்படவில்லை.

வீட்டில் இருக்கும் படம் அப்படியல்ல. காசு கொடுத்து, நல்ல உடுப்பு உடுத்து, தாங்களாகவே போய் எடுத்துக்கொண்ட படம் அது. ஆகவே தடயம் இருக்கும்.

முதல் தடயம் படத்தின் பின்பக்கம். ஸ்டூடியோவின் முத்திரை, பென்சிலால் எழுதிய இலக்கம், தபாலட்டைக் கோடு எதுவும் உதவும். கொழும்புப் பிளாட்டே கம்பனி தொடங்கியது 1890இல். எனவே அந்தப் பெயர் பொறித்த அட்டை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. முன்பக்கத்தைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை: கோட்டும் கைக்கடிகாரமும் குடையும் ஸ்டூடியோக்காரர் இரவல் கொடுத்தவையாக இருக்கலாம். கோட்டைப் பார்த்து "எங்கட மூத்தாப்பா பெரிய பணக்காரர்" என்று முடிவுகட்டக் கூடாது. பெண்களின் காதில் தொங்கும் பாம்படமும் தண்டட்டியும் அதைவிட நம்பிக்கையானவை. எந்தச் சீமையிலிருந்து வந்த குடும்பம் என்று தேட அவை வழிகாட்டும்.

நம்மவர் படங்களில் துருக்கித் தொப்பியும் ஒரு தடயம். எகிப்தின் ஒராபி பாஷா 1883இல் நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்து, 1901 வரை இங்கே வாழ்ந்தார். அந்தக் காலத்தில்தான் இந்தத் தொப்பி இங்குள்ள சோனகரிடையே செல்வாக்குப் பெற்றது. 1905இல் வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் தொப்பியோடு உயர்நீதிமன்றத்தில் தோன்றத் தடை வந்தபோது, சமூகமே திரண்டு எழுந்தது. அதற்குப் பிந்திய படமானால், அந்தத் தொப்பி வெறும் அலங்காரம் இல்லை, ஓர் உரிமைக் குரலாகவும் இருக்கக்கூடும்.

ஆனால் படம் பெயரைச் சொல்லாது; பெயரைக் காகிதம்தான் சொல்லும். தோட்டத்தில் 'பேர்' என்றாலே ஒரு நாள் வேலைக் கணக்கு. முழுப் பேர், அரைப் பேர் என்பார்கள். அந்தக் கணக்கை எழுதிய செக்ரோலில் ஆளின் பெயரும் இருக்கும். பிறப்புப் பதிவிலும் இருக்கும், எழுதியவர் காதில் விழுந்த உச்சரிப்பில். ஒரே ஆள் மூன்று காகிதத்தில் மூன்று எழுத்துக்கூட்டலில் வருவார். வெவ்வேறு ஆட்கள் என்று விட்டுவிடாமல் தகப்பன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஒப்பிட வேண்டும்.

மலையகக் குடும்பங்களின் ட்ரங்குப் பெட்டியில் இவ்வளவு காகிதம் சேர்ந்ததற்குக் காரணமே ஒரு கொடுமைதான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் தொடர்ந்து ஏழு வருடம், மணமாகாதவரானால் பத்து வருடம், இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. கரையோரச் சோனகரான கடைக்காரர்களுக்கும் இதே கதிதான். பிறகு 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். கூடப்பிறந்தவர்கள் இரண்டு நாட்டவரானார்கள்.

பசறைப் பக்கத்து மாணவி ஒருத்தி கொண்டுவந்த படம் அப்படிப்பட்டது. இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். ஒருவர் பாட்டி, மற்றவர் யாரென்று தெரியாது. பெட்டியைக் கிளறியதில் ஒரு கடவுச்சீட்டுப் பிரதி கிடைத்தது. அதே முகம், பெயர், பிறந்த தோட்டம் எல்லாம் அதில் இருந்தன. பாட்டியின் அக்கா. ராமேஸ்வரத்துக்குக் கப்பலேறுமுன் தங்கச்சியோடு எடுத்துக்கொண்ட படம் அது. பெயரைக் கேட்டதும் பக்கத்து லயத்துக் கிழவி, "ஆமா, அவ போனப்ப மூணு நாள் ஒங்க பாட்டி சோறு திங்கல" என்றாராம்.

முஸ்லிம் வீடுகளில் சிக்கல் வேறு. உருவப்படம் கூடுமா கூடாதா என்ற பேச்சு நம்மிடம் எப்போதும் உண்டு; பெண்களின் படம் இன்னும் அரிது. மூத்தாப்பா தொப்பியோடு கம்பீரமாக இருப்பார், உம்மும்மா எங்கும் இருக்க மாட்டார். அவரை நிகாஹ் பதிவில்தான் தேட வேண்டும். மணமகள் பெயர், வாப்பா பெயர், வலி, சாட்சிகள், மஹர் எல்லாம் அதில் உண்டு. முகம் கிடைக்காவிட்டாலும் ஒரு பெண் யாருடைய மகளாக, எந்தத் திகதியில், என்ன மஹருக்கு மணமானார் என்பது கிடைக்கிறது. பள்ளிவாசல் பழைய புத்தகங்களைக் கரையான் தின்னுமுன் பிரதியெடுத்து வைப்பது ஜமாஅத்துகளின் கடமை.

காகிதத்துக்கும் முந்திப் போய்விடக்கூடியது மூத்தவர்களின் ஞாபகம். அதனால் என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் ஒழுங்கு இதுதான்: முதலில் வீட்டின் மூத்தவரிடம் போங்கள், பிறகு பெட்டி, பிறகு கந்தோர். கேட்டதைப் படத்தின் பின்னால் மைப்பேனையால் எழுதாதீர்கள், முன்பக்கம் ஊறிவிடும். மெதுவான பென்சிலால், இடமிருந்து வலமாக, பெயர், உறவு, ஊர், சொன்னவர் யார் என்று எழுதுங்கள். அந்த நாலு வரி இல்லாவிட்டால், நம் பேரப்பிள்ளைகளுக்கு நம்முடைய பாட்டிமாரும் வெறும் தபாலட்டைப் பெண்கள்தான்.