கண்ணீருக்குள்ளே என்ன இருக்கு?



கண்ணீர் என்றால் வெறும் உப்புத் தண்ணி என்றுதான் நாம் எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் அதற்குள் புரதங்கள் இருக்கின்றன. ஒன்றிரண்டு இல்லை, 1,500-க்கும் மேல்! பருப்பிலும் முட்டையிலும் இருக்கிற புரதமா என்று என் தோழி கேட்டாள். அதே குடும்பம்தான், ஆனால் இவை செய்கிற வேலை வேறு.

1922-ஆம் ஆண்டு லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் லைசோசைம் என்ற நொதியைப் பற்றி எழுதினார். பெனிசிலின் கண்டுபிடித்த அதே ஃபிளெமிங்தான், அதற்கு 6 வருடம் முன்னால். முதலில் தன் மூக்குச் சளியில் பார்த்தார், அப்புறம் கண்ணீரில். ஆய்வுக்குக் கண்ணீர் வேண்டுமே? எலுமிச்சைத் தோலைக் கண்ணருகே பிழிந்து, உடன் வேலை செய்தவர்களையும் அழ வைத்தாராம்! இந்த லைசோசைம் பாக்டீரியாவின் செல்சுவரை உடைத்துவிடும். லாக்டோஃபெரின் என்று இன்னொன்று, கிருமிக்குத் தேவையான இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோற்றுப் பானையைத் தூக்கி ஒளித்து வைப்பது மாதிரி.

சரி, இதெல்லாம் நமக்கு எதுக்கு? சொல்கிறேன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையடிவாரம் பூராவும் வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு. வேலை செய்யும்போது உமியோ, சோகையோ, குச்சியோ கண்ணில் பட்டு கருவிழியில் கீறல் விழும். அந்தக் கீறலில் பூஞ்சை ஏறிவிடும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் (1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது) 1994 ஜனவரியிலிருந்து மார்ச் வரை கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 284 பேருக்குக் கண்ணில் அடிபட்ட பிறகு வந்த புண். கிருமி வளர்த்துப் பார்த்ததில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறைய சரிபாதி!

இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் மருந்து வேறு வேறு. எங்க அத்தைக்குக் கதிரடிக்கிற மிஷின் பக்கத்தில் நின்றபோது உமி தெறித்தது. யாரோ தாய்ப்பால் விடச் சொன்னார்கள், விட்டார்கள். பிறகு கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி இருபது நாள் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது பூஞ்சை ஆழமாக இறங்கியிருந்தது. புண் ஆறிவிட்டது, ஆனால் கண்ணில் பூ விழுந்துவிட்டது. இப்போது ஊசியில் நூல் கோர்க்க என்னைத்தான் கூப்பிடுவார். (ஸ்டீராய்டு உள்ள சொட்டு மருந்து போட்டால் பூஞ்சை இன்னும் வேகமாகப் பரவும். கடையில் கேட்டு வாங்கவே கூடாது.)

இப்போது பூஞ்சையைக் கண்டுபிடிக்க, கண்ணை மரத்துப்போக வைத்து, புண்ணைக் கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். சுரண்டாமல் கண்ணீரை வைத்தே சொல்ல முடியுமா? மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் அரவிந்தும் சேர்ந்து பூஞ்சைப் புண் உள்ளவர்களின் கண்ணீரையும் நல்ல கண்ணீரையும் ஒப்பிட்டு 2008-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டிலும் சில புரதங்களின் அளவு ஒன்று போல் இல்லை. கண் வீங்கிச் சிவந்தால், ரத்தத்தில் இருக்க வேண்டிய அல்புமின் புரதம்கூடக் கசிந்து கண்ணீரில் கூடிவிடும். கண்ணீர் உள்ளே நடப்பதைக் கோள் சொல்லிக் கொடுக்கிறது!

இதில் ஒரு சிரமம். ஒரு கண்ணில் எப்போதும் நிற்கிற கண்ணீர் 7 மைக்ரோலிட்டர் அளவுதான், ஒரு சொட்டுகூட முழுசாகத் தேறாது. வெங்காயம் உரித்து அழுதால் நிறைய வரும், ஆனால் நீர்த்துப்போய் சில புரதங்களின் அளவு மாறிவிடும். அதனால் அழ வைக்காமல், மெல்லிய கண்ணாடிக் குழாயாலோ காகிதத் துண்டாலோ ஒற்றி எடுக்கிறார்கள்.

கண் உலர்ச்சி நோய்க்குக் கண்ணீரிலுள்ள எம்.எம்.பி-9 என்ற புரதத்தைப் பார்க்க ஒரு சின்ன அட்டை வந்துவிட்டது. அமெரிக்காவில் 2013-இல் அனுமதி கிடைத்தது. பத்து நிமிடத்தில் கோடு விழும். பூஞ்சைப் புண்ணுக்கு அந்த மாதிரி கண்ணீர் அட்டை வந்தால் நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி