ரூட்டர் ஓ.எஸ். 7: என்ன புதுசு?

உங்கள் வீட்டில் மைக்ரோடிக் ரூட்டர் இருக்கிறதா? அதன் இயங்குதளமான ரூட்டர் ஓ.எஸ்.ஸின் 7.1 பதிப்பு 2021 டிசம்பரில் வெளிவந்தது. இன்னும் 6-லேயே இருப்பவர்கள் கவனிக்கவும்.

முதல் வசதி, வயர்கார்டு வி.பி.என். கெலவரப்பள்ளியில் வீடு, பெங்களூருவில் வேலை என்று இருப்பவர், அங்கிருந்தே வீட்டு கேமராவைப் பாதுகாப்பாகப் பார்க்கலாம். ஆனால் உங்கள் இணைப்புக்குப் பொது ஐ.பி. முகவரி வேண்டும், இணைப்பு கொடுத்தவரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'கேக்' (தின்பதற்கல்ல!). வீட்டில் ஒருவர் வீடியோ அப்லோட் செய்தால், இன்னொருவரின் ஜூம் பேச்சு விட்டு விட்டுக் கேட்கும் அல்லவா? தகவல் பொட்டலங்கள் வரிசையில் தேங்குவதே காரணம். கேக் எல்லோருக்கும் பங்கிட்டு அனுப்புகிறது. குவூஸ் பகுதியில், உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக அளவு கொடுங்கள், இல்லாவிட்டால் பயனில்லை.

அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். 2018 ஏப்ரலில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை நிறுவனம் அடைத்தது. அப்டேட் செய்யாத லட்சக்கணக்கான ரூட்டர்களில் அதே ஆண்டு திருடர்கள் புகுந்து, அவற்றின் வழியே இணையம் பார்த்தவர்களின் கம்ப்யூட்டர்களில் கிரிப்டோ நாணயம் தோண்டினார்கள்.

முதலில் வின்பாக்ஸில் பேக்கப் எடுத்துக் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். பிறகு சிஸ்டம், பேக்கேஜஸ், செக் ஃபார் அப்டேட்ஸ் சென்று, சேனலில் 'அப்கிரேட்' தேர்வு செய்யவும். ரூட்டர் மீண்டும் இயங்கும்வரை ஸ்விட்சைத் தொடாதீர்கள். பின்னர் சிஸ்டம், ரூட்டர்போர்டில் ஃபார்ம்வேரையும் அப்கிரேட் செய்து, இன்னொரு முறை ரீபூட் செய்யவும்.