சின் வம்சத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்

ஒன்றோடொன்று ஓயாது பொருதுகொண்டிருந்த ராஜ்யங்களுள் எஞ்சி நின்ற ஆறினையும் வென்று, கி.மு. 221-இல் சீன தேசத்தை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த சின் நாட்டு மன்னன், தன்னை முதற் சக்கரவர்த்தி என்று அழைத்துக்கொண்டு, தன் வம்சம் பதினாயிரம் தலைமுறை நீடிக்கும் என்று பிரகடனம் செய்தான். அந்த வம்சமோ 15 ஆண்டுகளில் அழிந்தொழிந்தது.

நூறாண்டுகளுக்கும் முன்னரே மந்திரி ஷாங் யாங், பிறப்பால் வரும் பட்டங்களை ஒதுக்கி, போர்க்களத்தில் கொய்த பகைவர் தலைக்கு ஈடாகப் பதவியும் நிலமும் அளிக்கும் முறையை ஏற்படுத்தியிருந்தார். உழவனும் உயரலாம் என்ற அந்த ஆசையே சின் சேனையை வெல்லற்கரியதாக்கிற்று. தேசம் ஒன்றானபின் எழுத்தும், எடையும், வண்டியச்சின் நீளமும் எங்கும் ஒரேவிதமாயின. ஆனால் வென்று பங்கிட வளநாடு இல்லாதபோது, யுத்தத்திற்கென்றே பழகிய அந்த ராஜாங்கம், எல்லைச் சுவருக்கும் அரண்மனைகளுக்கும் சக்கரவர்த்தியின் சமாதிக்குமாகக் குடிகளை ஊழியத்திற்கு இழுத்தது. வம்சத்தைக் கெடுத்தது இதுவே என்பது என் துணிபு.

கி.மு. 210-இல், கோடையில், சுற்றுப்பயணத்தின் நடுவே சக்கரவர்த்தி இறந்தான். மரணத்தை மறைத்த மந்திரி லீ ஸுவும் அரண்மனை அதிகாரி ஜாவ் காவும், பிணநாற்றம் வெளித்தெரியாதிருக்க உப்பிட்ட மீனை வண்டிகளில் ஏற்றி உடன் கொண்டு சென்றதாக ஸீமா சியென் என்னும் சரித்திராசிரியர் எழுதியிருக்கிறார். போலி ஆணையொன்றால் மூத்த குமாரன் தற்கொலைக்கு ஆளானான்; இளையவன் அரியணை ஏறினான்.

மறு ஆண்டு, எல்லைக்காவலுக்குச் சென்ற 900 பேரை மழை வழிமறித்தது. தாமதத்திற்குத் தண்டனை மரணமே, கலகம் செய்தாலும் மரணமே என்று கூறிச் சென் ஷெங் என்னும் உழவன் அவர்களைக் கிளர்ச்சிக்குத் திருப்பினான் என்பது ஸீமா சியென் தரும் வரலாறு. 1975-இல் ஹூபே மாகாணத்துக் கல்லறையொன்றில் கிடைத்த மூங்கிற் பட்டைகளிலுள்ள சின் சட்டமோ வேறு விதமாகப் பேசுகிறது: ஊழியத்திற்கு மூன்று முதல் ஐந்து நாள் பிந்தினால் கண்டனம், ஆறு முதல் பத்து நாளாயின் ஒரு கேடயம் அபராதம், அதற்கும் மேலாயின் ஒரு கவசம், மழை பெய்தால் மன்னிப்பு. எல்லைக்காவலர்க்கு விதி கடுமையாக இருந்திருக்கலாம். எனினும், ஏட்டில் எழுதிய கருணை, ஓய்வறியாது உழைத்துத் தேய்ந்த மக்களின் நெஞ்சை எட்டவில்லை என்றே கொள்ளவேண்டும்.

கி.மு. 206-இல் கிளர்ச்சித் தலைவருள் ஒருவனான லியூ பாங் தலைநகருள் புகுந்தபோது, அவனுடைய தளபதிகள் பொன்னையும் பட்டையும் தேடி ஓட, அவன் அதிகாரியான சியாவ் ஹே ஒருவர் மட்டும் சின் அரசின் சட்டங்களையும் வரைபடங்களையும் குடிக்கணக்குகளையும் சேகரித்துக் காத்தார். லியூ பாங் நிறுவி, நானூறு ஆண்டுகள் நிலைபெற்ற ஹான் ஆட்சி, வரிகளைத் தளர்த்தி, அந்த ஏடுகளைக் கொண்டே தன் நிர்வாகத்தை நடத்திற்று.